திரைப்பட விழாவில் ‘புதிய இயக்குநர்கள் பிரிவு’: முதல் படம் எடுப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

"டீச்சர், புது டைரக்டருங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு வச்சிருக்காங்களே, அது ஆறுதல் பரிசு மாதிரியா?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவி இப்படிக் கேட்டாள். அவள் கையிலிருந்த கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுத் திரைப்பட விழாவின் விண்ணப்பப் படிவம் திறந்திருந்தது. ஆறாம் ஆண்டில் என்னிடம் தமிழ் படித்தவள், இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஓய்வு நாள்களைச் சேர்த்துச் சேர்த்து, இரண்டு ஆண்டுகளில், 17 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறாள். கேமரா வாடகைக்குக் காசில்லை. எல்லாம் கைப்பேசியில்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளின் படங்களுக்கு நான் சப்டைட்டில் எழுதிக் கொடுக்கிறேன். அதோடு விழா விண்ணப்பங்களையும் அவர்களோடு உட்கார்ந்து நிரப்புவேன். அவள் கேட்ட கேள்வியை வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அன்று கடையில் அவளுக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆறுதல் பரிசு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரிவு என்றால்

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால்குடம், மதியம் அன்னதானம், இரவு மேடையில் நாடகமும் ஆட்டமும். எல்லாம் ஒரே திருவிழாதான். ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துச் செய்பவர்கள் வேறு, நேரம் வேறு, வந்து நிற்கிற கூட்டமும் வேறு. மேடை நாடகத்துக்கு ஆள் எடுக்கிறவர் பால்குடம் எடுக்கிறவர்களைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

திரைப்பட விழாவும் இப்படித்தான். பெரிய விழாக்களில் நூற்றுக்கணக்கான படங்கள் ஓடும். அவற்றை மொத்தமாகக் குவித்து வைத்தால் பார்க்க வருகிறவருக்கும் குழப்பம், படத்துக்கும் நட்டம். அதனால் முதன்மைப் போட்டி, ஆவணப்படம், குறும்படம், பழைய படங்கள் என்று பிரித்து வைப்பார்கள். அந்த வரிசையில் ஒன்றுதான் புதிய இயக்குநர்களுக்கான பிரிவு. அதற்கெனத் தனித் தேர்வாளர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் தனி நடுவர் குழுவும், தனி விருதும் உண்டு.

பிரான்சில் நடக்கும் கான் விழாவை எடுத்துக்கொள்வோம். செய்திகளில் அடிபடுவது முதன்மைப் போட்டிதான். அதற்குப் பக்கத்திலேயே, 1978-ல் தொடங்கிய ‘அன் செர்டைன் ரிகார்ட்’ என்ற பிரிவு இருக்கிறது. மலேசியாவின் ஊ-வெய் ஹாஜி சாரி எடுத்த ‘காக்கி பாக்கார்’ 1995-ல் அந்தப் பிரிவில்தான் திரையிடப்பட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளி, அதே ஊரில், அதே நாள்களில், வேறு அமைப்புகள் நடத்தும் ‘விமர்சகர் வாரம்’, ‘இயக்குநர் இருவாரம்’ என்று இரண்டு இணை நிகழ்வுகள். இவை அத்தனையிலும் ஓடுகிற முதல் படங்களுக்குப் பொதுவாக ஒரே விருது உண்டு. அதன் பெயர் ‘கேமரா டோர்’, தங்கக் கேமரா. எந்த மூலையில் ஓடினாலும் அது இயக்குநரின் முதல் முழுநீளப் படமாக இருந்தால் அந்த விருதுக்குக் கணக்கில் வரும்.

யார் ‘புதியவர்’, எது ‘சுயாதீனம்’?

புதியவர் என்றால் வயதில் சின்னவர் என்று பலர் நினைக்கிறார்கள். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 55 வயதில் ஒருவர் முதல் படம் எடுத்தால் அவரும் புதிய இயக்குநர்தான். பொதுவான அளவுகோல், முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படம் என்பது. தென்கொரியாவின் பூசான் விழாவில் ‘நியூ கரண்ட்ஸ்’ பிரிவு பல ஆண்டுகள் ஆசிய இயக்குநர்களின் முதல், இரண்டாம் படங்களுக்கென்றே இருந்தது. விமர்சகர் வாரத்திலும் அதே கணக்கு. இதற்கு முன் எத்தனை குறும்படம் எடுத்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் அது கணக்கில் சேராது.

இங்கேதான் என் மாணவிக்கு ஒன்றைத் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நிரப்பிக்கொண்டிருந்த பிரிவு முழுநீளப் படங்களுக்கானது. அவளுடையது 17 நிமிடம். விழாவுக்கு விழா நீளத்தின் எல்லை மாறும். சில இடங்களில் 60 நிமிடத்துக்கு மேல் இருந்தால் முழுநீளம், சில இடங்களில் 70. குறும்படத்துக்கும் அப்படித்தான். கான் விழாவின் குறும்படப் போட்டியில் 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடம் வரை குறும்படம். ஆக, முதலில் படத்தின் நிமிடத்தைப் பாருங்கள், அப்புறம் பிரிவைத் தேடுங்கள். குறும்படப் பிரிவுகளில் பெரும்பாலும் புதியவர்கள்தான் இருப்பார்கள் என்பதால், புதியவர்களைக் கண்டெடுக்கிற வேலையை அவையும் செய்கின்றன.

சரி, சுயாதீனம்? குறைந்த செலவு என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரில் பிறந்த அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டங்களை வாங்கினார்கள். பணம் சிறுகச் சிறுக வந்தது, உரிமை போட்டவர்களிடமே நின்றது. சுயாதீனப் படமும் அந்த வகைதான். பணம் சம்பளத்திலிருந்து வரலாம், உறவினரிடமிருந்து வரலாம், ஒரு நிதியுதவித் திட்டத்திலிருந்தும் வரலாம். ஆனால் எந்தக் காட்சி இருக்க வேண்டும், யார் நடிக்க வேண்டும், பாட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் படம் எடுக்கிறவர்தான் தீர்மானிப்பார்.

இந்த வாசல்கள் எப்படி வந்தன

எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும். புதியவர்களுக்கென்று இருக்கும் பிரிவுகளை யாரும் கருணையோடு தூக்கிக் கொடுக்கவில்லை. உள்ளே போக முடியாமல் வெளியே நின்றவர்களும் அவர்களுக்காகப் பேசியவர்களும் கேட்டு வாங்கியவை அவை.

1962-ல் பிரான்சின் திரைப்பட விமர்சகர்கள், பெரிய பெயர்களுக்கே இடம் போய்க்கொண்டிருந்த கான் விழாவுக்குப் பக்கத்தில் முதல், இரண்டாம் படங்களுக்காக ‘விமர்சகர் வாரம்’ தொடங்கினார்கள். 1968 மே மாதம் பிரான்சே கொந்தளித்தது. மாணவர் போராட்டம், தொழிலாளர் வேலைநிறுத்தம். இயக்குநர்கள் கான் மேடையிலேயே ஏறி எதிர்ப்புத் தெரிவித்தார்கள், விழா பாதியில் நின்றது. அடுத்த ஆண்டு, 1969-ல், இயக்குநர்களின் சங்கம் தன் சொந்த நிகழ்வாக ‘இயக்குநர் இருவார’த்தை ஆரம்பித்தது.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. சன்டான்ஸ் விழாதான் அங்கே சுயாதீனப் படங்களுக்குப் பெரிய இடம். ஆனால் காலப்போக்கில் அங்கேயும் நெரிசலாகி, பலர் வாசலில் நின்றார்கள். 1995-ல், சன்டான்ஸ் ஏற்காத சில இயக்குநர்கள் சேர்ந்து, அதே ஊரில், அதே நாள்களில், ‘ஸ்லாம்டான்ஸ்’ என்று தங்கள் சொந்த விழாவை நடத்தினார்கள். அதன் முழுநீளப் போட்டிக்கு வைத்த நிபந்தனை, இயக்குநருக்கு அது முதல் படமாக இருக்க வேண்டும், செலவு 10 லட்சம் அமெரிக்க டாலருக்குள் இருக்க வேண்டும் என்பது.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவை இங்கே விட்டுவிட முடியாது. 1972-ல் ஹூப் பால்ஸ் என்பவர் தொடங்கியது. முதல் நாள் இரவு படம் பார்க்க வந்தவர்கள் 17 பேர். பால்ஸ் கலங்கவில்லை. அவர் 1988-ல் இறந்தார். அதே ஆண்டில் அவர் பெயரால் ஒரு நிதி ஏற்பட்டது. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்கு அது இன்றும் உதவுகிறது. 1995-ல் வளரும் இயக்குநர்களுக்கான ‘புலிப் போட்டி’ அங்கே தொடங்கியது.

இந்தப் புலிக்கும் நமக்கும் உறவு உண்டு. குவாந்தான் பக்கம் சுங்கை ஊலார் என்ற மீனவக் கிராமத்தில் பிறந்த தான் சுய் முய், ‘லவ் காங்கர்ஸ் ஆல்’ என்ற தன் முதல் முழுநீளப் படத்துக்கு 2006-ல் பூசானில் நியூ கரண்ட்ஸ் விருதும், 2007-ல் ராட்டர்டாமில் புலி விருதும் வாங்கினார். அடுத்த ஆண்டே, அவருடைய கூட்டாளியான லியூ செங் தாட், ‘ஃபிளவர் இன் தி பாக்கெட்’ படத்துக்கு அதே இரண்டு விருதுகளையும் வாங்கினார். இவர்களோடு அமீர் முகமது, ஜேம்ஸ் லீ சேர்ந்து நான்கு பேராக 2005-ல் ‘டா ஹுவாங்’ என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்வார். ஒருவர் தயாரித்தால் அடுத்தவர் இயக்குவார். தோட்டத்தில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு லயமே, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையே, கூடிச் சமைக்குமே, அப்படித்தான்.

2023-ல் நம் நாட்டு அமண்டா நெல் யூவின் முதல் முழுநீளப் படம் ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ கான் விமர்சகர் வாரத்தின் முதன்மைப் பரிசை வென்றது. வயதுக்கு வரும் ஒரு மலாய்ப் பள்ளிச் சிறுமியின் உடல் புலியாக மாறும் கதை.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள்

என் மாணவியின் மனத்தில் இருந்த உண்மையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். கைப்பேசியில் எடுத்த, நட்சத்திரம் இல்லாத, சுங்கை சிப்புட் படத்தை யார் பார்ப்பார்கள்?

2021-ல் புலி விருது ஒரு தமிழ்ப் படத்துக்குக் கிடைத்தது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கூழாங்கல்’. அவருக்கு அது முதல் படம். குடிகார அப்பாவும் சின்னப் பையனும் மதுரைப் பக்கத்துக் கொதிக்கும் வெயிலில் நடக்கிறார்கள். ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த வெயிலை அந்த ஊர்க்காரர் ஒருவர்தான் அப்படிக் காட்ட முடியும். வறண்ட மண்ணில் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து கோரி எடுக்கும் பெண்களை, பசிக்கு எலி பிடித்துச் சுடும் குடும்பத்தை, அந்த நிலத்தை அறிந்தவர்தான் அவசரப்படாமல் பார்க்க முடியும். பிறகு அந்தப் படம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. அவருடைய இரண்டாவது படமான ‘கொட்டுக்காளி’ 2024-ல் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவுக்குப் போனது. முதல் படத்தை ஒரு பிரிவு கண்டெடுத்தால் இரண்டாவது படத்துக்கு அடுத்த விழா காத்திருக்கும். இந்தப் பிரிவுகள் செய்யும் முக்கியமான காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான். விருதுத் தொகை அதற்கு அப்புறம்தான்.

நம் தோட்டத்துக்கு வருவோம். 2005-ல் தீபக் குமரன் மேனன் தன் முதல் முழுநீளப் படமாகச் ‘செம்மண் சாலை’யை எடுத்தார். ரப்பர் தோட்டத்துக் குடும்பம், மேலே படிக்க ஆசைப்படும் ஒரு பெண். தமிழ்ப் படம், மலேசியத் தோட்டத்து வாழ்க்கை. அது வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. பிறகு 2015-ல் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ வந்தது. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் 90-களின் தொடக்கத்தில் என்ன ஆனார்கள் என்பதைச் சொன்ன படம். ‘ஜகாட்’ என்பது, ‘கெட்ட’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான ‘ஜஹாட்’டைத் தமிழ் நாக்கு உச்சரிக்கும் விதம். தலைப்பிலேயே நம் பேச்சு இருக்கிறது. 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் அதற்குச் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதும், அதன் இயக்குநருக்குப் புதிய இயக்குநர் விருதும் கிடைத்தன.

வரலாற்றுப் புத்தகங்களில் எங்கள் ஊர் ஒரே ஒரு நாளுக்காக வரும். 1948 ஜூன் 16. மூன்று தோட்டத்துரைமார் இங்கே சுட்டுக் கொல்லப்பட, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. வெளியூர்க்காரர் யாராவது சுங்கை சிப்புட்டைப் பற்றிப் படம் எடுக்க வந்தால் அந்த நாளைத்தான் எடுப்பார். என் மாணவி எடுத்தது அவள் பாட்டியை. பாட்டி பால் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலமாகிவிட்டது. பாட்டி இப்போது மலிவு விலை வீட்டில், மாடியில் இருக்கிறார். ஆனாலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, தலையில் துணி கட்டி, படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். போவதற்கு இடமில்லை. வெளிச்சம் வந்ததும் துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு உள்ளே போவார். பதினேழு நிமிடமும் இதுதான்.

நான் அதைப் பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. பால் பிடிக்கும் மங்கு, பால் சுமக்கும் காண்டா வாளி, மரங்களின் நிரை என்று நாம் பேசிப் பேசித் தேய்ந்துபோன ஒன்றை, ஒரு தலைத்துணியில் அவள் காட்டிவிட்டாள். புதியவர் பிரிவின் தேர்வாளர்கள் தேடுவது இதைத்தான் என்று நான் நம்புகிறேன். வேறு ஒருவர் எடுத்திருக்க முடியாத படம். நம் பிள்ளைகள் பலர் இதற்கு நேர்மாறாகப் போகிறார்கள். சென்னைப் படம் மாதிரி ஒரு சண்டை, ட்ரோனில் ஒரு காட்சி, கோலாலம்பூர் கோபுரங்கள். அப்படிப்பட்ட படங்கள் தேர்வாளர்களிடம் ஆயிரம் வந்து கிடக்கும். அவர்களிடம் இல்லாதது உங்கள் பாட்டியின் நான்கு மணி.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கேட்கவில்லை என்றால் பொறுக்க மாட்டார்கள். கைப்பேசியில் எடுத்தாலும் ஒலிக்கு ஒரு சின்ன மைக் வாங்கிக்கொள்ளுங்கள். அது போதும்.

அனுப்புவதற்கு முன்

தேர்வு நடக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தைத் தபாலில் அனுப்பும் காலம் போய்விட்டது. கடவுச்சொல் போட்ட இணைப்பாக, பெரும்பாலும் ‘பிலிம்ஃப்ரீவே’ போன்ற தளங்கள் வழியாக அனுப்புவோம். முதல் சுற்றுப் பார்வையாளர்கள் பார்ப்பார்கள், தேறியவற்றைத் தேர்வாளர்கள் பார்ப்பார்கள், பேசி முடிவெடுப்பார்கள். தேர்வானால் திரையரங்குக்குரிய தரத்தில் கோப்பு கேட்பார்கள். படம் முடிந்ததும் இயக்குநர் பார்வையாளர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார்.

அதிகம் தவறு நடப்பது இதற்கு முந்திய கட்டத்தில். நான் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, முதல் திரையிடல். உலகில் எங்குமே காட்டப்படாத படத்தை முதலில் காட்டினால் அது உலக முதல் திரையிடல். சொந்த நாட்டில் காட்டி, வெளியே முதன்முறை காட்டினால் அது சர்வதேச முதல் திரையிடல். பல விழாக்கள், முக்கியமாக முழுநீளப் போட்டிகள், இதை நிபந்தனையாகவே வைக்கின்றன. குறும்படங்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? படம் முடிந்த அன்றே யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள். இன்னொரு மாணவன் நல்ல படம் ஒன்றை எடுத்தான். தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று பொதுவில் போட்டுவிட்டான். மூன்று மாதம் கழித்து அவன் ஆசைப்பட்ட விழா, இணையத்தில் வந்த படத்தை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டது. பிறகு நீக்கினான், பயனில்லை. அவன் முகம் வாடியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமா, வீட்டுக்குக் கூப்பிட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுங்கள். ஓராண்டு பொறுங்கள். விழாச் சுற்று முடிந்ததும் தாராளமாக இணையத்தில் விடலாம்.

ஊர் மண்டபத்தில் பொதுமக்களைக் கூட்டித் திரையிடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி நம் நாட்டில் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தேதி குறிப்பதற்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

இரண்டாவது, போலி விழாக்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மாதந்தோறும் ‘விழா’ நடத்துவதாகச் சொல்லி, டாலரில் கட்டணம் வாங்கி, இரண்டு பக்கமும் இலை வளைந்த ஒரு முத்திரையை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். திரையரங்கும் இருக்காது, பார்வையாளரும் இருக்க மாட்டார். கோப்பை வேண்டுமானால் அதற்குத் தனிக் காசு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை இப்படி ஆறு இடங்களுக்குக் கட்டினான். சுவரொட்டி நிறைய இலைகள். படத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன்பு போன ஆண்டின் நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். எந்தத் திரையரங்கில், எந்தத் தேதியில், யார் தேர்வு செய்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். போன ஆண்டு அங்கே படம் காட்டிய ஒருவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். புதியவர்கள் புதியவர்களுக்குப் பதில் எழுதுவார்கள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி உண்மையான விழாக்களிடம் பணிவாகக் கேட்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. முதலில் நம் நாட்டிலேயே பாருங்கள். கோமாஸ் அமைப்பு 2003-ல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் சமூகப் படங்களுக்கு இடம் தருகிறது, புதியவர்களுக்கு நிதியும் கொடுத்து வந்திருக்கிறது. தென்கிழக்காசியக் குறும்படங்களுக்கென்று 2017-ல் தொடங்கிய சீஷார்ட்ஸ் இருக்கிறது.

மூன்றாவது, பாட்டு. பாட்டி சமையலறையில் நிற்கும்போது வானொலியில் பழைய சினிமாப் பாட்டு ஓடினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அதற்கு உரிமை வாங்கியிருக்க வேண்டும். விழா படிவத்தில் கேட்பார்கள், கையெழுத்தும் வாங்குவார்கள். கோயில் உடுக்கைச் சத்தம், மழை, பாட்டியே முணுமுணுக்கும் தாலாட்டு, இவற்றுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அவற்றை நீங்களே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சப்டைட்டில். இது என் வேலை என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் படத்தின் குரல் அவருக்கு அந்த இரண்டு வரி ஆங்கிலம்தான். அதைக் கணினி மொழிபெயர்ப்பில் தள்ளிவிட்டு அனுப்புவது, சமைத்த சோற்றில் உப்புப் போடாமல் பரிமாறுவது போல. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரிக்கு ஏறக்குறைய 40 எழுத்து போதும். கண் படிக்கும் வேகத்துக்கு நேரம் விடுங்கள். நம் பேச்சில் மலாயும் சீனமும் கலந்து வரும். அந்தக் கலப்பை மறைக்க வேண்டாம், ஆனால் பொருள் போய்ச் சேர வேண்டும்.

என் மாணவியின் படத்தில் ஒரே ஒரு வசனம்தான். இருட்டில் பாட்டி படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, யாரிடமும் இல்லாமல், "பெரட்டுக்கு நேரமாச்சு" என்பார். அவள் அதைக் காலைக் கூட்டம் என்ற பொருளில் மொழிபெயர்த்திருந்தாள். கூட்டம் என்றால் உட்கார்ந்து பேசுவது. பெரட்டு அப்படியா? இருட்டில், பனியில், வரிசையாக நின்று, கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்லி, அன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் இடம். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் இருவரும் இரண்டு மாலை உட்கார்ந்தோம். கடைசியில் ‘ரோல் கால்’ என்று வைத்தோம். பெயர் கூப்பிடுவதை யாரும் நிறுத்திவிட்ட பிறகும் ஒருவர் போய் உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் வந்துவிட்டது.

போன சனிக்கிழமை என் வீட்டு மேசையில் விண்ணப்பத்தை நிரப்பி முடித்தோம். இந்த முறை குறும்படப் பிரிவு. படிவத்தில் கடைசிக் கேள்வி, இந்தப் படம் இதற்கு முன் எங்காவது பொதுவில் காட்டப்பட்டிருக்கிறதா என்பது. அவள் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாட்டி பாத்துட்டாங்களே டீச்சர். அதுவும் கணக்கா?"

"அது கணக்கில்லம்மா" என்றேன்.

அவள் ‘இல்லை’ என்பதைத் தொட்டு, அனுப்பினாள்.